கட்டுப்பாடு எங்கே நழுவுகிறது? மனச்சிதைவும் மூளைப் படங்களும்

மனச்சிதைவு நோய் என்றதும் பொதுவாக நினைவுக்கு வருபவை காதில் ஒலிக்கும் குரல்களும் ஆதாரமற்ற சந்தேகங்களும்தான். உலகில் சுமார் 300 பேரில் ஒருவரைப் பாதிக்கும் இந்த நோயை நாம் பெரும்பாலும் அந்த இரண்டை வைத்தே அளக்கிறோம். அவை அடங்கிவிட்டால் ஆள் தேறிவிட்டார் என்று குடும்பம் நிம்மதி கொள்கிறது. ஆனால் மருந்தால் குரல்கள் ஓய்ந்த பிறகும் பலரால் படிப்பைத் தொடர முடிவதில்லை. வேலையில் நிலைக்க முடிவதில்லை. தொடங்கிய காரியம் பாதியில் நிற்கிறது. சொல்லி அனுப்பிய மூன்று வேலைகளில் ஒன்றுதான் முடிகிறது. வீட்டார் இதைச் சோம்பல் என்கிறார்கள், பிடிவாதம் என்கிறார்கள். 1996இல் ஆய்வாளர் மைக்கேல் கிரீன் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நோயாளியின் அன்றாட வாழ்க்கை எப்படி அமையும் என்பதைக் குரல்களின் தீவிரத்தைவிட நினைவு, கவனம் போன்ற அறிதிறன்களே தெளிவாக முன்கூட்டிக் காட்டின.

அந்த அறிதிறன்களுள் மையமானது அறிதிறன் கட்டுப்பாடு. தினமும் இடப்பக்கம் திரும்பும் தெருமுனையில், இன்று மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்பதற்காக வலப்பக்கம் திரும்புகிறோம். பழக்கம் ஒரு பக்கம் இழுக்க, மனத்தில் வைத்திருக்கும் நோக்கம் அதை மீறி வெல்கிறது. நோக்கத்தை மனத்தில் ஏந்தியிருப்பது, அதற்கு ஒவ்வாத தூண்டலைத் தடுப்பது, தவறினால் கவனித்துத் திருத்திக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்தத் திறன். மனச்சிதைவில் இது எங்கே, எப்படி நழுவுகிறது என்று மூளைப் படங்கள் சுமார் அரை நூற்றாண்டாகத் தேடி வருகின்றன. அந்தத் தேடலின் விளைவுகளை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றிலிருந்து கிடைக்கும் முடிவை இப்போதே சொல்லிவிடலாம். நோயாளியின் முன்மூளை செயலற்றுப் போகவில்லை. அது எல்லோருடைய மூளையும் பயன்படுத்தும் அதே வலையமைப்பைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், மற்றப் பகுதிகளோடு இசைந்து அதனால் இயங்க முடிவதில்லை.

தொடக்க காலப் படங்கள்

மனச்சிதைவில் முன்மூளைக்குப் பங்கு இருக்கலாம் என்ற ஐயம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனி நோயாக வகுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின், இதை நடத்துநர் இல்லாத இசைக்குழுவோடு ஒப்பிட்டார். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதியில் கோளாறு இருக்கலாம் என்றும் கருதினார். ஆனால் உயிரோடிருக்கும் மனிதரின் மூளை வேலை செய்வதைப் பார்க்க அன்று வழியில்லை.

அந்த வழியை 1974இல் ஸ்வீடனின் டேவிட் இங்வாரும் யோரான் ஃபிரான்சேனும் திறந்தார்கள். கதிரியக்க செனான் 133 வாயுவின் கரைசலைக் கழுத்துத் தமனி வழியே செலுத்தி, மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்று அளந்தார்கள். நெடுநாள் நோயாளிகளிடம் மூளையின் மொத்த ரத்த ஓட்டம் பெரிதாகக் குறையவில்லை. முன்பகுதிக்குப் போகும் பங்கு மட்டும் குறைந்திருந்தது. முன்மூளைச் செயல் குறைவு என்ற கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிமோத்தி குரோவும் சி.டி. ஸ்கேன் எடுத்து, நோயாளிகளின் மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் பெரிதாகியிருப்பதைக் காட்டினார்கள். மனச்சிதைவு மூளையோடு தொடர்புடைய நோய் என்பதை மறுக்க முடியாதபடி செய்தது அந்த ஆய்வு.

சும்மா படுத்திருப்பவரின் மூளையை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியாது. பதற்றமா, சலிப்பா, தூக்கமா? 1986இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் டேனியல் வைன்பெர்கரும் கரென் பெர்மனும் இதற்கு வழி கண்டார்கள். மருந்து நிறுத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் விஸ்கான்சின் சீட்டுப் பிரிப்புச் சோதனையைக் கொடுத்துக்கொண்டே ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். சீட்டுகளை நிறப்படியோ வடிவப்படியோ எண்ணிக்கைப்படியோ பிரிக்க வேண்டும். விதி என்ன என்று சொல்லப்படாது; சரி, தவறு என்ற பதில் மட்டும் கிடைக்கும். ஒரு விதி பிடிபட்டதும் அது அறிவிப்பின்றி மாறிவிடும். பழைய விதியை விட்டுப் புதியதைப் பற்ற வேண்டும். இதோடு ஒப்பிட, எண்களைப் பொருத்தும் எளிய வேலை ஒன்றும் தரப்பட்டது. ஓய்வின்போதும் எளிய வேலையின்போதும் பெரிய வேறுபாடில்லை. சீட்டுப் பிரிப்பில் மட்டும், ஆரோக்கியமானவர்களிடம் நெற்றிக்குப் பின்னாலுள்ள மேல்பக்கவாட்டு முன்நெற்றிப் புறணி சுறுசுறுப்படைந்தது. நோயாளிகளிடம் அது நிகழவில்லை. குறை எப்போதும் இருப்பதில்லை, கட்டுப்பாடு தேவைப்படும்போது வெளிப்படுகிறது என்பதே இதன் பாடம். 1992இல் அதே குழு ஒரு கரு இரட்டையர்களை ஆராய்ந்தது. இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்த இணைகளில், நோயுள்ளவரிடம் அந்தச் செயல்குறைவு தெரிந்தது. மரபணுக்கள் ஒன்றாயிருந்தும் வேறுபாடு இருந்ததால், நோயோடு அதற்குள்ள தொடர்பு இன்னும் உறுதிப்பட்டது.

நான்கு எழுத்துகளில் ஒரு சோதனை

சீட்டுப் பிரிப்பு ஒரே நேரத்தில் பல திறன்களைக் கேட்கிறது. விதியை ஊகிக்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும், பழையதை விட வேண்டும். இவற்றில் எது பழுதுபடுகிறது? 1992இல் ஜொனாதன் கோஹனும் டேவிட் செர்வான் ஷ்ரைபரும் கணினி மாதிரியின் உதவியோடு ஒரு விடை சொன்னார்கள். இப்போது எந்த நோக்கத்துக்காக, எந்தச் சூழலில் இயங்குகிறோம் என்ற தகவலை ஏந்தி நிற்பதில்தான் பழுது. அந்தத் தகவலை முன்நெற்றிப் புறணி காக்கிறது. அந்தப் புறணியின் நரம்பணுக்கள் எவ்வளவு தெளிவாக எதிர்வினையாற்றுகின்றன என்பதை டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருள் மாற்றியமைக்கிறது என்றார்கள்.

இதைச் சோதிக்க ஓர் எளிய பயிற்சி உருவானது. திரையில் முதலில் ஒரு குறிப்பெழுத்து, சில நொடிகள் கழித்து இன்னோர் எழுத்து. 'ஏ' வந்து அதன் பின் 'எக்ஸ்' வந்தால் மட்டும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வேறொரு பொத்தான். சுமார் 70 விழுக்காடு முறை 'ஏ'வும் 'எக்ஸு'மே வரும். அதனால் 'எக்ஸ்' கண்டதும் விரல் தானாக முதல் பொத்தானுக்குப் போகப் பழகிவிடும். எப்போதாவது 'பி' வந்து, பிறகு 'எக்ஸ்' வரும். அப்போது 'முதலில் வந்தது பி' என்ற தகவலை இடைவெளி முழுவதும் ஏந்தியிருப்பவரால்தான் விரலைத் தடுக்க முடியும். 'ஏ'வுக்குப் பின் 'ஒய்' வரும் முறையில் நிலைமை தலைகீழ். குறிப்பை நன்றாக ஏந்தியிருப்பவர் 'எக்ஸ்' வரப்போகிறது என்று தயாராக இருப்பார். அதனாலேயே அங்கே தடுமாறுவார்.

சோதனையின் நுட்பம் இந்த இரட்டை அமைப்பில்தான் இருக்கிறது. கவனமின்மையோ அக்கறையின்மையோதான் காரணம் என்றால் எல்லா வகைகளிலும் தவறு ஒரேபோல் கூட வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் தவறு கூடுவது குறிப்பாக 'பி'யும் 'எக்ஸு'ம் வரும் முறையில். குறிப்பை ஏந்தியிருப்பதே பாதகமாகும் 'ஏ–ஒய்' முறையில் அவர்கள் அந்த அளவுக்குப் பின்தங்குவதில்லை. இந்த ஒரு முடிவே, முயலாமல் இருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான மறுப்பு.

படங்களும் இதோடு ஒத்துப்போயின. டீனா பார்ச்சும் கேமரன் கார்ட்டரும் உள்ளிட்ட குழு 2001இல், மருந்தே எடுக்கத் தொடங்காத முதல்கட்ட நோயாளிகளை, மூளை இயங்குவதைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் இந்தச் சோதனைக்கு உட்படுத்தியது. மேல்பக்கவாட்டு முன்நெற்றிப் புறணி குறிப்பை ஏந்த வேண்டிய நேரத்தில் போதிய அளவு இயங்கவில்லை. ஆனால் அதையொட்டிய வேறு பகுதிகள் இயல்பாகவே இயங்கின. குறை மருந்தால் வந்தது என்ற எதிர்வாதத்துக்கு இங்கே இடமில்லை. 2005இல் ஆங்கஸ் மெக்டொனால்டும் சகாக்களும் இன்னொரு படி போனார்கள். மருந்து எடுக்காத, வேறு வகை மனநோய் கொண்டவர்களோடு ஒப்பிட்டும் இந்தக் குறை மனச்சிதைவில் தனித்துத் தெரிவதைக் காட்டினார்கள். இந்தச் செயல்குறைவு குரல் கேட்பதைவிட, பேச்சும் செயலும் கோவையிழப்பதோடு நெருக்கமாகத் தொடர்புடையது என்பதும் இத்தகைய ஆய்வுகளில் தெளிவாயிற்று.

தவறைக் கவனிக்கும் பகுதி

கட்டுப்பாட்டுக்கு நோக்கத்தை ஏந்துவது மட்டும் போதாது. மோதல் எழும்போதும் தவறும்போதும் 'இன்னும் கவனம் தேவை' என்று உணர்த்தவும் ஒன்று வேண்டும். மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட் புறணி அந்த வேலையைச் செய்கிறது என்று 1998இல் கார்ட்டரும் சகாக்களும் காட்டினார்கள். ஆள் தவறு செய்யும்போது மட்டுமல்ல, இரண்டு விடைகள் போட்டியிடும்போதும் அது இயங்கியது.

சிவப்பு மையில் 'பச்சை' என்று எழுதியிருக்க, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையில் இந்தப் போட்டி கண்கூடாகத் தெரியும். ஆரோக்கியமானவர் ஒரு கடினமான முறைக்குப் பிறகு அடுத்த முறையில் தம்மை இறுக்கிக்கொள்வார்; தவறிய பின் சற்று நிதானிப்பார். 2005இல் ஜான் கெர்ன்ஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களிடம் மோதலின்போதும் தவறின்போதும் முன் சிங்குலேட் புறணியின் செயல் குறைந்திருந்தது. அடுத்த முறையில் தம்மைச் சரிசெய்துகொள்வதும் குறைந்திருந்தது. சொன்னதையே திரும்பச் சொன்னாலும் அதே தவறு நிகழ்வதைப் பார்த்துச் சலிக்கும் பெற்றோர் இந்த முடிவை அறிந்திருப்பது நல்லது. தவறு நடந்தது என்ற உட்குறிப்பே பலவீனமாக எழும்போது, அடுத்த முறை திருந்துவது கடினம்.

குறைவா, கூடுதலா?

1990களின் இறுதியில் ஒரு குழப்பம் எழுந்தது. தகவலைச் சிறிது நேரம் மனத்தில் வைத்துக் கையாளும் பணிநினைவுச் சோதனைகளில் டாரா மனோவாக்கின் குழு நோயாளிகளிடம் முன்நெற்றிப் புறணி அதிகமாக இயங்குவதைக் கண்டது. ஜோசஃப் காலிகாட்டின் குழு 2003இல், அதே பகுதிக்குள்ளேயே சில இடங்களில் கூடுதலும் சில இடங்களில் குறைவும் இருப்பதைக் காட்டியது. அப்படியானால் முன்மூளைச் செயல் குறைவு என்பதே தவறா?

சுமைக்கும் செயலுக்கும் உள்ள உறவை வைத்து இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளலாம். நினைவில் வைக்க வேண்டியவை கூடக்கூட முன்நெற்றிப் புறணியின் செயல் ஏறுகிறது. தாங்கும் எல்லையைத் தாண்டியதும் இறங்குகிறது. வரைபடத்தில் இது தலைகீழ் 'ப' போல வளைந்து தோன்றும். நோயாளிகளிடம் இந்த வளைவு முன்கூட்டியே உச்சம் தொடுகிறது என்பது ஒரு விளக்கம். இலேசான வேலைக்கே அவர்கள் மூளை கூடுதலாக உழைக்கிறது. கடினமான வேலையில் முன்பே கைவிடுகிறது. ஆகவே எளிய சோதனை கொடுத்தவர்களுக்குக் கூடுதலும், கடினமான சோதனை கொடுத்தவர்களுக்குக் குறைவும் கிடைத்தன. 2016இல் ஜாரெட் வான் ஸ்னெல்லன்பெர்கும் சகாக்களும் சுமையைப் படிப்படியாக உயர்த்தி அளந்தபோது, நோயாளிகளின் வளைவு தட்டையாகி இருந்தது. தேவைக்கேற்ப ஏறி இறங்கும் நெகிழ்வே அங்கே குறைந்திருந்தது.

தனித்தனி ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய முயற்சி 2009இல் வந்தது. மைக்கேல் மின்சன்பெர்கும் சகாக்களும் 41 ஆய்வுகளை ஒன்றுதிரட்டினார்கள். நோயாளிகளும் ஆரோக்கியமானவர்களும் கிட்டத்தட்ட ஒரே வலையமைப்பையே பயன்படுத்தினர். ஆனால் நோயாளிகளிடம் இடது மேல்பக்கவாட்டு முன்நெற்றிப் புறணி, முன் சிங்குலேட் புறணி, புறணிக்குத் தகவல் கடத்தும் தலாமஸின் இடப்பகுதி ஆகியவற்றில் செயல் குறைவு. நடுக்கோட்டை ஒட்டிய சில பகுதிகளில் கூடுதல். அந்தக் கூடுதலை, ஒரு வழி அடைபடும்போது மூளை மாற்றுவழி தேடுவதாகக் கொள்ள இடமிருக்கிறது.

பகுதியிலிருந்து இணைப்புக்கு

கட்டுப்பாடு ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. முன்நெற்றிப் புறணி நோக்கத்தை ஏந்துகிறது. பார்வை, செயல், நினைவுப் பகுதிகள் அதற்கேற்ப இசைய வேண்டும். 2008இல் ஜாங் யூனும் சகாக்களும், நோயாளிகளிடம் முன்நெற்றிப் புறணிக்கும் மற்றப் பகுதிகளுக்குமான ஒத்திசைவு குறைவாக இருப்பதையும், அது நடத்தையின் கோவையின்மையோடு தொடர்புடையது என்பதையும் கண்டார்கள். 2012இல் நீல் வுட்வர்டும் சகாக்களும் தலாமஸின் இணைப்புகளை ஆராய்ந்தபோது ஒரு தெளிவான அமைப்பு வெளிப்பட்டது. முன்நெற்றிப் புறணியோடான இணைப்பு தளர்ந்தும், புலன், இயக்கப் பகுதிகளோடான இணைப்பு கூடியும் இருந்தன.

இந்த ஒத்திசைவின் கீழே என்ன இருக்கிறது? எஃப்.எம்.ஆர்.ஐ. ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை அளக்கிறது. அது நரம்பணுக்களின் செயலுக்குச் சில நொடிகள் பின்தங்கி வரும். ஆகவே நொடியின் சிறு பகுதியில் நிகழ்பவற்றை அறிய மூளை மின்அலைப் பதிவு துணைசெய்கிறது. 2006இல் ரேமண்ட் சோவும் சகாக்களும், கட்டுப்பாடு தேவைப்படும்போது ஆரோக்கியமானவர்களின் முன்மூளையில் காமா எனப்படும் வேகமான மின்அலைகள் வலுப்பதையும், நோயாளிகளிடம் அது நிகழாததையும் காட்டினார்கள். இந்த வேக அலைகளை ஒருங்கிணைப்பவை, காபா என்னும் வேதிப்பொருளால் அண்டை அணுக்களைத் தடுக்கும் சிறு நரம்பணுக்கள். இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவில் காபாவை உருவாக்கும் நொதி குறைந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டு தடயங்களும் ஒரே திசையைச் சுட்டுகின்றன.

டோபமைனின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகுவது குரல்களுக்கும் பிறழ் நம்பிக்கைகளுக்கும் காரணமாவதாகக் கருதப்படுகிறது. பெரும்பாலான மருந்துகள் அதைத்தான் தடுக்கின்றன. 2002இல் ஆண்ட்ரியாஸ் மேயர் லிண்டென்பெர்கும் சகாக்களும் பெட் ஸ்கேன் மூலம், முன்நெற்றிப் புறணி எவ்வளவு குறைவாக இயங்கியதோ அந்த அளவுக்கு ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகுவதைக் கண்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் இரு கோளாறுகளும் தொடர்புடையவை என்று அது உணர்த்தியது. 2015இல் மார்க் ஸ்லிஃப்ஸ்டைனின் குழு, முன்நெற்றிப் புறணியில் டோபமைன் வெளியாவது நோயாளிகளிடம் குறைந்திருப்பதைக் காட்டியது. ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் மிகுதி, இன்னோரிடத்தில் பற்றாக்குறை. குரல்களை அடக்கும் மருந்து கட்டுப்பாட்டை மீட்டுத் தராததன் காரணத்தில் ஒரு பகுதி இதில் அடங்கியிருக்கலாம்.

படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

வண்ணப் புள்ளிகளோடு வரும் மூளைப் படம் பார்ப்பவரை எளிதில் நம்ப வைத்துவிடும். அதனால் அதன் எல்லைகளைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இவை குழுக்களின் சராசரி. நோயாளிகளின் மூளைகளும் மற்றவர்களின் மூளைகளும் பெருமளவு ஒன்றோடொன்று கலந்தே நிற்கின்றன. எனிக்மா என்னும் பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பு 2016இல் 2028 நோயாளிகளையும் 2540 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் சிறுத்திருப்பது உறுதியாகத் தெரிந்தது; ஆனால் வேறுபாட்டின் அளவு நடுத்தரமானதே. இத்தகைய வேறுபாட்டை வைத்து ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து 'இவருக்கு மனச்சிதைவு' என்று சொல்ல முடியாது. இன்றும் நோயறிதல் மருத்துவரின் நேர்காணலில்தான் நடக்கிறது. ஸ்கேன் எடுப்பது கட்டி, வலிப்பு, தொற்று போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காக. படம் எடுத்தே மனநோயைக் கண்டுபிடித்துத் தருவதாக யாரேனும் சொன்னால், குடும்பங்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கருவிக்குள் தலை சற்று அசைந்தாலும் இணைப்பு அளவுகள் பொய்யாக மாறும் என்பது 2012இல் உறுதியானது. அமைதியற்ற நோயாளிகள் கூடுதலாக அசையக்கூடும். அதைக் கணக்கில் கொள்ளாத பழைய முடிவுகளைக் கவனமாகத்தான் ஏற்க வேண்டும். 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்துப் பகுப்பாயச் சொன்னபோது, எந்த இரு குழுவும் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. முடிவுகளும் பல இடங்களில் மாறின. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வின்படி, ஒருவரையே மீண்டும் அளந்தால் வேலை கொடுத்து எடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. தரும் நம்பகத்தன்மை சராசரியாகச் சுமார் 0.4 மட்டுமே. தனிமனிதரை அளக்க அது போதாது.

மூன்றாவது, மருந்து. 2015இல் டைலர் லெஷும் சகாக்களும் முதல்கட்ட நோயாளிகளைப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களின் புறணி சில இடங்களில் மெலிந்திருந்தது. ஆனால் கட்டுப்பாட்டுச் சோதனையில் அவர்களே நன்றாகச் செய்தார்கள், முன்நெற்றிப் புறணியும் கூடுதலாக இயங்கியது. புறணி மெலிந்ததென்று மட்டும் கேள்விப்பட்டு மருந்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஆய்வின் மறுபாதி காட்டுகிறது.

நான்காவது, கட்டுப்பாட்டு வலையமைப்பின் பழுது மனச்சிதைவுக்கு மட்டும் உரியதா என்ற கேள்வி. 2017இல் லிசா மெக்டீக்கும் சகாக்களும் 280க்கும் மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்தபோது, மனச்சோர்வு, பதற்றநோய், போதை அடிமைத்தனம் உள்ளிட்ட பல கோளாறுகளிலும் இதே வலையமைப்பு தடுமாறுவது தெரிந்தது. மெக்டொனால்டின் 2005ஆம் ஆண்டு முடிவோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். வலையமைப்பு பொதுவானது, குறிப்பை ஏந்தத் தவறும் விதமும் அளவும் மனச்சிதைவில் கூர்மையானவை என்று கொண்டால் இரண்டும் பொருந்தும். அந்த நுட்பத்தை உறுதிசெய்யப் பெரிய, ஒப்பிடத்தக்க ஆய்வுகள் தேவை.

படங்கள் வாழ்க்கைக்கு என்ன தருகின்றன?

உளவியலாளர் டாட் பிரேவர் கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரிக்கிறார். நோக்கத்தை முன்கூட்டியே ஏந்தித் தயாராக இருப்பது ஒன்று. பிரச்சினை எதிரே வந்த பிறகு அந்தக் கணத்தில் திருத்திக்கொள்வது மற்றொன்று. மனச்சிதைவில் பெரிதும் தளர்வது முதலாவதுதான். எதிரே ஒரு குறிப்பு இருந்தால் பலர் நன்றாகவே செயல்படுகிறார்கள். இந்த ஒரு கண்டுபிடிப்பிலிருந்து இரண்டு வழிகள் பிறக்கின்றன.

ஒன்று, பயிற்சி. 2010இல் பிரேவர், பார்ச் குழுவினர் நோயாளிகளுக்கு 'ஏ–எக்ஸ்' சோதனையில் குறிப்பைப் பார்த்ததுமே அடுத்ததற்குத் தயாராகும் உத்தியைச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்குப் பிறகு முன்நெற்றிப் புறணி குறிப்பு தோன்றும் நேரத்தில் கூடுதலாக இயங்கத் தொடங்கியது. அறிதிறன் மேம்பாட்டுப் பயிற்சி பற்றி 2021இல் அன்டோனியோ வீட்டாவும் சகாக்களும் 130 ஆய்வுகளையும் 8851 பங்கேற்பாளர்களையும் தொகுத்தார்கள். அறிதிறனிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் மிதமான, ஆனால் மெய்யான முன்னேற்றம் தெரிந்தது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருந்து, கற்ற உத்தியை வாழ்க்கைக்குக் கொண்டுசெல்லும்போது பயன் கூடியது. மாத்திரை வழியில் இன்னும் வெற்றி கிட்டவில்லை. அறிதிறனுக்கென்றே உருவாக்கிய இக்லெபெர்டின் என்ற மருந்து இறுதிக்கட்டச் சோதனைகளில் பலன் தரவில்லை என்று 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது.

இன்னொன்று, சூழலை மாற்றுவது. உள்ளே ஏந்த முடியாத நோக்கத்தை வெளியே, தேவைப்படும் இடத்திலேயே வைப்பது. அமெரிக்காவின் டெக்சஸில் டான் வெலிகன் உருவாக்கிய முறை இதைத்தான் செய்கிறது. பல் துலக்கும் இடத்தில் குறிப்புத் தாள், நாள்வாரியாகப் பிரித்த மருந்துப் பெட்டி, அன்றைய உடை தனியே எடுத்து வைத்த இடம், ஒலியெழுப்பும் நினைவூட்டி. 2000இல் வெளியான அவர் சோதனையில் இந்த உதவிகளைப் பெற்றவர்களின் அன்றாடச் செயல்பாடு தேறியது. இதற்கு ஸ்கேன் கருவி வேண்டியதில்லை. எந்த வீட்டிலும் செய்யலாம். மூன்று வேலைகளை ஒன்றாகச் சொல்வதற்குப் பதிலாக ஒவ்வொன்றாகச் சொல்லலாம். காலையில் சொன்னதை மாலையில் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பதிலாக, செய்ய வேண்டிய நேரத்தில், செய்ய வேண்டிய இடத்தில் சொல்லலாம்.

இந்தத் துறை அடுத்துச் செய்ய வேண்டியதும் இங்கிருந்தே புலப்படுகிறது. நோயாளிக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கும் ஆய்வுகள் போதுமான அளவு வந்துவிட்டன. எந்த உதவி யாருக்கு, எப்போது பலிக்கிறது, பலிக்கும்போது மூளையில் என்ன மாறுகிறது என்று ஒரே மனிதரைத் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகள் வேண்டும். அவை வரும்வரை காத்திருக்காமல் ஏற்றுக்கொள்ளத்தக்க ஓர் உண்மையை இதுவரையிலான படங்களே உறுதிசெய்துவிட்டன. மனச்சிதைவு உள்ளவர் முயல்கிறார். பல நேரங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முயல்கிறார். அந்த முயற்சி நழுவும் இடம் எது என்று இப்போது நமக்குத் தெரியும். அந்த இடத்தில் கடிந்துகொள்வதை நிறுத்தி, கைகொடுப்பதே அறிவுக்கும் அன்புக்கும் ஒத்த செயல்.